உரியவர் பெற்றுக்கொள்ளவும்

அக்கா மாடி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு பெட்டி, ஒரு கைப்பை, சிவப்பு மைப் பேனாக்கள் அடங்கிய ஒரு தகர டப்பா. பெட்டியைத் தூக்க வந்த தம்பியைப் படியிலேயே நிறுத்தினார்.

“தொடாதே. அப்புறம் அதைப் பத்தியும் எழுதுவே.”

தம்பிக்கு அறுபத்திரண்டு வயது. தெருவில் அவரைக் குடைக்காரர் என்பார்கள். அவர் குடை விற்றவரும் இல்லை, குடைக்குக் கம்பி மாற்றியவரும் இல்லை. பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் அறையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவர். மனிதர்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகிற பொருள்களில் பாதி குடை. மீதியில் பாதி மூக்குக் கண்ணாடி. அதற்கப்புறம்தான் செருப்பு, சாப்பாட்டு டப்பா, ஒருமுறை ஒரு கதவு. கதவைத் தேடி யாரும் வரவில்லை. கதவில்லாமலே அந்த வீட்டில் எல்லாம் நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

“என்னக்கா, ஒரு பத்து வரி எழுதினதுக்கா ஊரை விட்டுப் போவாங்க?”

“பத்து வரி இல்ல. இருபத்தாறு வரி. அதுல நாலு பிழை.”

வாசலில் வண்டி நின்றது. பெட்டிகளை அக்காவே இறக்கினார். எழுபது வயதில் அது எளிதில்லை. இடையில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். தம்பி நாலு படி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு கூடவே இறங்கினார். ஆறு இருபது பஸ். சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் காலை ஆறு இருபதுக்கு அக்காவின் மகன் இருக்கும் ஊரில் இறக்கிவிடும். அந்தத் தடத்தின் நேரம் தம்பிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சொல்ல வாயெடுத்தார். அக்கா வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், அக்கா மகன் மாமாவுக்கு ஒரு இணையதளம் ஆரம்பித்துக் கொடுத்தான். மாமா போனில் கதை சொல்ல ஆரம்பித்தால் ஐம்பது நிமிடம் ஆகிறது. எழுதிவிட்டால் தோன்றும்போது படித்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. “நீங்க எழுதுங்க மாமா, மத்ததெல்லாம் தானா நடக்கும்” என்று சொல்லிவிட்டான். தளத்துக்கு அவர் வைத்த பெயர் ‘உரியவர் பெற்றுக்கொள்ளவும்’. முப்பத்தொரு வருடம் அவருடைய ஜன்னலுக்கு மேலே தொங்கிய பலகையில் இருந்த வாசகம் அது.

வாரத்துக்கு இரண்டு கட்டுரை. ஒற்றை விரலால் அடிப்பார். உள்ளூர் நிர்வாகம் நடைபாதையில் வைத்த பூந்தொட்டிகள் பற்றி ஒரு கருத்து, பழைய அலுவலக நினைவு ஒன்று, சிலசமயம் சிரிப்பு. எது சிரிப்பு என்று சந்தேகம் வராமலிருக்க அதன் கீழே ‘நகைச்சுவை’ என்று அடைப்புக்குறிக்குள் போடுவார். பொருளுக்குச் சீட்டுக் கட்டிப் பழகிய கை.

அப்படி நகைச்சுவை என்று சீட்டுக் கட்டி வெளியிட்டதுதான் பல் செட் கட்டுரை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஈறு வலிக்கிறதென்று பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்த ஒரு பெண்மணி, இறங்கும்போது அதை இருக்கையிலேயே விட்டுவிட்டார். நடத்துநர் அதைக் கொண்டுவந்து அறையில் சேர்த்தார். மறுநாள் அந்தப் பெண்மணி வரிசையில் வந்து நின்றார். அறையின் விதி ஒன்றுதான்: பொருளைப் பார்ப்பதற்கு முன்பே அடையாளம் சொல்ல வேண்டும். முதலமைச்சரே வந்தாலும் குடையின் கைப்பிடி வளைவா நேரா என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போகமுடியும்.

“அடையாளம் சொல்லுங்க.”

“தேய், நான் உன் அக்கா.”

“அது பொருளோட அடையாளம் இல்ல.”

பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். பல்லில்லாமல் பல்லைப் பற்றிச் சொல்வது முடியாத காரியம். அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: மேல் வரிசை, இடப்பக்கம் மூன்றாவது பல்லில் விளிம்பு உடைந்திருக்கும். சரியாக இருந்தது. பொருள் ஒப்படைக்கப்பட்டது. அதில் கட்டியிருந்த சீட்டில் ‘பல் செட், பென்’ என்று இருந்தது. அக்கா கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ‘பென்’ என்பதைப் ‘பெண்’ ஆக்கி, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரையில் அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ‘எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தலைமை ஆசிரியை’ என்று நாசூக்காக மறைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் தலைமை ஆசிரியை ஒருவர்தான்.

அக்கா இருபத்திரண்டு வருடம் தலைமை ஆசிரியையாக இருந்த பள்ளியில் வருடா வருடம் பல் பாதுகாப்பு வாரம் நடக்கும். கடைசி நாள் மேடையில் ஏறித் தன் பல்லைத் தானே காட்டுவார். “ரெண்டு வேளையும் தேய்க்கிற பல்லு இது. ஒண்ணு விழலை, பார்த்துக்கோங்க.” சொன்னதில் பொய் இல்லை. அவை விழுகிற பற்கள் அல்ல, கழற்றுகிற பற்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து பல் தேய்த்து வளர்ந்தவர்கள் ஊர் பூராவும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கட்டுரையைப் படித்துவிட்டுப் பழைய மாணவிகள் குழுவில் போட்டாள். கீழே ஒரே ஒரு வரி: ‘நம்ம பெரிய டீச்சரா?’

அன்று ஞாயிறு. செவ்வாய்க்கிழமை ஆறு இருபது பஸ்.

அக்கா போன பிறகு வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. செய்தித்தாள் மட்டும் சுத்தமாக வந்தது. அதுவரை தாள் முதலில் மாடிக்குப் போகும். அக்கா பிழைகளைச் சிவப்பில் சுழித்து ஒன்பது மணிக்குக் கீழே அனுப்புவார். தம்பி சுழித்த இடங்களை மட்டும் படிப்பார். எந்தச் செய்தி முக்கியம் என்று கண்டுபிடிக்க அவருக்கு வேறு வழி தெரியாது. இப்போது தாளை விரித்து வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் செய்தார். அக்கா எடுக்கவில்லை. மகன் எடுத்தான்.

“அம்மா பேச மாட்டேங்குறாங்க மாமா.”

“பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்காங்க. ‘இல்ல’ன்னு சொல்லச் சொல்றாங்க.”

“நான் கிளம்பி வரட்டுமா, மாப்ள?”

உள்ளே ஏதோ குரல் கேட்டது. “நீங்க வந்தா அவங்க வேற ஊருக்குப் போயிடுவாங்களாம்.”

மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். டாக்டர் சீட்டுகளைப் படித்துப் பழகியதால் எழுத்துப்பிழை என்ற ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை; எதைக் கிறுக்கி வைத்தாலும் புரிந்துகொள்வார். கணவருடைய தளத்தை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. ‘எல்லாம் நேர்லயே கேட்டாச்சு’ என்பது அவர் கட்சி.

“அதுக்காகப் போகாம இருப்பீங்களா? போய் நின்னா அண்ணி என்ன செய்வாங்க?”

“பொருளைத் தேடிக்கிட்டு நாம போறது வழக்கமில்ல. உரியவங்கதான் வரணும்.”

“அண்ணி என்ன குடையா?”

அவர் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். தளத்தில் எழுத ஆரம்பித்தார். அக்கா படிப்பார் என்று ஒரு நம்பிக்கை. பல் கட்டுரையை நீக்கினார். பிறகு அக்காவுக்குப் பிடித்த விஷயங்களாகப் பார்த்து எழுதினார்: சிறுவயதில் அக்கா அவருக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் கற்றுக்கொடுக்க முயன்று கைவிட்டது. முப்பத்தொரு வருடம் ஆயிரக்கணக்கான கண்ணாடிகளுக்குக் ‘கன்னாடி’ என்று சீட்டுக் கட்டியதை ஒப்புக்கொண்டார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருடம் போயிற்று. இன்னும் இரண்டு மாதம் போயிற்று.

அப்படி ஒருநாள் மனைவிக்குத் தையல் மெஷின் ஊசி எந்த எண் என்று பார்க்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தவர், தளத்தின் உள்பக்கம் திறந்திருப்பதைப் பார்த்தார்.

“ஏங்க, இங்க ஓரத்துல என்ன நாப்பத்தேழு?”

“அது அனுமதிக்குக் காத்திருக்கு.”

“எது?”

“நான் எழுதுறதெல்லாம்.”

“யாரோட அனுமதிக்கு?”

“மேலிடத்தோட.”

மனைவி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரைப் பார்த்து உட்கார்ந்தார். “இதுக்கு மேலிடம் யாரு?”

குடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அலுவலகத்தில் அவசரமான வேலையை முதலில் செய்துவிடலாம். அனுமதி பின்னால் வரும். அதற்குப் பின்னேற்பு என்று பெயர். அவர் எழுதுவது உடனே வெளியாகிவிடுகிறது. கோப்பு மேலே போயிருக்கிறது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால் மேலே தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

“எந்த ஆபீஸ்லதான் தேங்கலை? ஒரு தடவை ஒரு ஏணிக்குப் பின்னேற்பு வர ஆறு வருஷம் ஆச்சு.”

மனைவி நாற்பத்தேழை அழுத்தினார். பக்கம் விரிந்தது.

“நீங்கதான் மேலிடம்” என்றார்.

நாற்பத்தேழும் வாசகர்கள் அனுப்பிய கருத்துகள். அவர் சரி என்று ஓர் அழுத்து அழுத்தினால்தான் வெளியே தெரியும். அழுத்தாததால் பதினான்கு மாதமாக அவர் மேசையிலேயே கிடந்தன. நான்கு, வழுக்கைக்கு மருந்து விற்பவர்களுடையவை. ஐந்து, தங்கள் குடை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தவை. அதில் ஒருவர் கைப்பிடி வளைவென்று முறைப்படி அடையாளமும் சொல்லியிருந்தார். மீதி முப்பத்தெட்டும் ஒரே ஆளிடமிருந்து. பெயர் இருந்த இடத்தில் ‘வாசகி’ என்று மட்டும்.

முதல் கருத்து வந்திருந்தது ஒரு புதன்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு. ஆறு இருபதுக்குப் பஸ் போய்ச் சேரும். பெட்டிகளை இறக்கி, பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொள்ள இருபது நிமிடம். வேறு யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

‘பிழை நான்கு என்றேன். ஐந்து. ஐந்தாவது தலைப்பில் இருக்கிறது. “வாயை மரந்துவிட்டுப் போனவர்” அல்ல, “மறந்துவிட்டு”. மரம் வேறு, மறதி வேறு.’

அடுத்தது: ‘“அறைக்கால் சட்டை” அல்ல, “அரைக்கால் சட்டை”. அறைக்குச் சுவர்தான் உண்டு. கால் கிடையாது.’

‘“பறவாயில்லை” என்று எழுதியிருக்கிறாய். இதில் பறவை எங்கே வந்தது?’

‘சைக்கிள் கட்டுரை. பிழைகள் ஒன்பது. நீ விழுந்தது வாய்க்காலில் அல்ல, குப்பைத் தொட்டியில். அது பிழையில் சேராது, பொய்யில் சேரும்.’

‘பூந்தொட்டிக் கட்டுரையில் உன் கருத்து சரி. எழுத்து சரியில்லை.’

மனைவி ஒவ்வொன்றாக வாசித்தார். அவர் ஊசியை மறந்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஏழாவது மாதத்துக்குப் பிறகு கருத்துகள் சுருங்கின. ‘இதையும் போடமாட்டாய்’ என்று ஒன்றில் இருந்தது. ‘திருத்துவது என் வழக்கம், திருந்தாதது உன் வழக்கம்’ என்று இன்னொன்றில். கடைசியாக வந்தது நான்கு மாதத்துக்கு முந்தியது:

‘எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பிழை உன்னுடையதா, என் கண்ணுடையதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எனவே நிறுத்திக்கொள்கிறேன்.’

குடைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பதினாலு மாசம் அக்காவை வரிசையில நிக்க வச்சிருக்கேன்” என்றார்.

“பதினொரு பேர் பின்னால நின்னாங்களே, அதைவிட இது மோசம்” என்றார் மனைவி. சொன்னபிறகு எழுந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றே முப்பத்தெட்டுக்கும் அனுமதி கொடுத்தார். குடை கேட்டவர்களுக்கும் கொடுத்தார். வழுக்கை மருந்துக்காரர்களுக்கும் கொடுத்தார்; விண்ணப்பித்தவரைப் பாகுபாடு பார்க்கக் கூடாது. அக்கா சுட்டிய பிழைகளை எல்லாம் உட்கார்ந்து திருத்தினார். குப்பைத் தொட்டியையும் திருத்தினார். பிறகு போன் செய்தார்.

“கண்ணுல புரை மாமா. ரெண்டு கண்ணுலயும். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க, சர்க்கரை இறங்கினாதான் பண்ணுவாங்களாம்.” மகன் குரலைத் தாழ்த்தினான். “முதல்ல எல்லாம் தினம் உங்க சைட்டைத்தான் திறந்து வச்சிருப்பாங்க. ‘போடலை, இன்னைக்கும் போடலை’ன்னு சொல்லுவாங்க. எதைப் போடலைன்னு எனக்குப் புரியவே இல்ல.”

“இப்பப் போட்டுட்டேன்னு சொல்லு.”

சொன்னான். திரும்பி வந்தான். “‘ம்’னாங்க.”

“வேற?”

“வெறும் ம்தான் மாமா.”

அதற்கப்புறம் குடைக்காரர் ஓர் அகராதி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிழையே இல்லாமல் எழுத ஆரம்பித்தார். ஒரு கட்டுரைக்கு ஐந்து நாள் ஆயிற்று. எட்டுக் கட்டுரை, ஒரு சுழி தவறவில்லை. ஒன்றுக்கும் வாசகியிடமிருந்து கருத்து இல்லை.

“பிழையே இல்லாட்டி அண்ணி எதுக்கு வருவாங்க?” என்றார் மனைவி.

அது நியாயமாகப் பட்டது. ஒன்பதாவது கட்டுரையில் பார்த்துப் பார்த்து ஏழு பிழைகளை வைத்தார். ‘குடை’யையே ‘குடய்’ என்று எழுதினார். முன்பின் தெரியாத ஒருவர், ‘ஐயா, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?’ என்று கேட்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

மகனுக்குப் போன் செய்தார். “நீயாவது படிச்சுக் காட்டக் கூடாதா?”

“படிச்சுக் காட்டினேன் மாமா. காதால கேட்டா பிழை தெரியாது, வேணாம்னுட்டாங்க. குடயை மட்டும் சொன்னேன். ‘அது அவன் பிழை இல்ல, அவனுக்குக் குடை தெரியும்’னாங்க.”

போனை வைத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அகராதியை எடுக்கவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. அவர் எழுதியதிலேயே சிறியது அதுதான். அடைப்புக்குறிக்குள் எந்தச் சீட்டும் கட்டவில்லை.

‘அக்கா, பல் கட்டுரை எழுதியது தப்பு. அன்றைக்கு ஜன்னலில் உன்னை நிறுத்தியதும் தப்பு. விதி எனக்குத் தெரியும், உன்னையும் தெரியும், விதியைத்தான் பார்த்தேன். உன் கருத்துகளை நான் மறைக்கவில்லை. அனுமதி வேறு யாரோ கொடுப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். மாடி வீடு பூட்டியே இருக்கிறது. செய்தித்தாளில் எதைப் படிப்பதென்று தெரியவில்லை. மண்ணிக்கவும்.’

வெளியிட்டார். ஓரத்தில் எண்ணிக்கை பூஜ்யம் என்று இருந்தது. மறுநாளும் பூஜ்யம். ஒரு மாதம் கழித்து ஒன்று என்று வந்தது, வழுக்கை மருந்து. சர்க்கரை இறங்கவில்லை என்று மகன் சொன்னான். பிறகு இறங்கியது, ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று என்றான். அந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் குடைக்காரர் ஒருநாள், மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்தே விட்டார், கிளம்புவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மகன் போனில் சொன்னான், “மாமா, அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. மூட்டை கட்டுறாங்க.” இறங்கிவிட்டார். இறங்கும்போது தன் குடையை இருக்கையிலேயே விட்டுவிட்டார். அடுத்த வாரம் பழைய ஜன்னலுக்குப் போய், புதிதாக வந்திருந்த பெண்ணிடம் வளைந்த கைப்பிடி, நுனியில் தையல் என்று அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். சீட்டில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. அதைக்கூட மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கண்ணும் ஆயிற்று. ஒருநாள் காலை, செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தவரை மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

“ஏங்க, மேலிடத்துக்கு ஒரு கோப்பு வந்திருக்கு.”

மன்னிப்புக் கட்டுரை வெளியாகி ஏழு மாதமாகியிருந்தது. கருத்து வந்த நேரம் காலை ஆறு நாற்பது. பெயர் இருந்த இடத்தில் ‘வாசகி’.

‘“மண்ணிக்கவும்” அல்ல, “மன்னிக்கவும்”. அதற்கு இரண்டு சுழி போதும். இது நீ வைத்த பிழை இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

தொலைந்த பொருள்: தம்பி, ஒன்று. அடையாளம்: மேற்படி. உரியவர் வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபது பஸ்ஸில் வந்து பெற்றுக்கொள்வார். மாடி ஜன்னல்களைத் திறந்து வை. பெட்டி இந்தமுறை மூன்று. அவற்றை நீ தூக்கலாம்.’